பரிசோதனைக்குப் போன பச்சை இலைகள்

நீ மகனா மகளா என்று எனக்குத் தெரியாது. நீ பிறப்பாயா என்பதே தெரியாது. எனக்கு இப்போது பதினாறு வயது, பிளஸ் ஒன் படிக்கிறேன். இதை நீ படிக்கும்போது என்னைவிடப் பெரிய ஆளாக இருப்பாய், வேலைக்குப் போய்க்கொண்டிருப்பாய், ஒருவேளை உனக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்கும். பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதும் அம்மாக்கள் எல்லாம் நடந்து முடிந்தபிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாக எழுதுவார்கள். எனக்கு அந்த நிதானம் இல்லை. லோடு ஏற்றி நிற்கும் குட்டியானை வண்டி விடிந்ததும் கிளம்பிவிடும். அதற்குள் யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல இருக்கிறது. கேட்டுவிட்டு நேராக அப்பாவிடம் போய்ச் சொல்லாத ஆள் நீ மட்டும்தான். அதனால்தான் போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் உனக்கு எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். அந்த வண்டியில் இருப்பவை அப்பாவின் எலுமிச்சைக் கன்றுகள். அவை போவது என் அக்காவின் வீட்டுக்காரர், என் அத்தான், பழைய குற்றாலம் போகிற பாதையில் புதிதாகப் போடப்போகும் தோட்டத்துக்கு. அந்தக் கன்றுகளுக்குள் நோய் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். நோய் இல்லை என்று ஆய்வகமே சொல்லியிருக்கிறது. ஆனால் ஆய்வகத்துக்குப் போன இலைகள் நோய் மரத்தின் இலைகள் இல்லை. அது அப்பாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அப்பாவுக்கு நினைவிருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் தோட்டம் புளியங்குடியை ஒட்டி, மலையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. நீ வளரும்போது அது இருக்குமோ என்னவோ, அதனால் சொல்லிவைக்கிறேன். மற்றவர்கள் காய்க்காகத் தோட்டம் வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்குக் காயைவிடக் கன்றுகளில்தான் பெயர். நன்றாகக் காய்க்கிற மரத்தில் ஒரு கிளையைப் பார்த்து, பட்டையை வளையமாகச் சீவி, ஈர நார்மண்ணை வைத்துப் பாலித்தீன் தாளால் கட்டிவிடுவார். கொஞ்ச நாளில் கட்டுக்குள் வேர் விடும். அப்புறம் கிளையை வெட்டிப் பையில் வைத்தால் அது தனிக் கன்று. இதைப் பதியன் என்பார்கள். விதை போட்டு வளர்ப்பதுபோல் இல்லை. தாய் மரத்தின் கிளையேதான் கன்று. தாயின் காய் அப்படியே கன்றிலும் வரும் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். தாயின் நோயும் அப்படியே வரும் என்று அப்போது எங்களில் யாரும் யோசிக்கவில்லை.

போன வருஷம் மேற்கு வரிசையில் மரங்கள் மஞ்சள் அடிக்க ஆரம்பித்தன. அப்பா சத்துக் குறைவு என்று நினைத்து நுண்ணூட்டம் கரைத்துத் தெளித்தார். கேட்கவில்லை. காய் சிறுத்து, ஒரு பக்கம் கோணி, பழுக்காமலே விழுந்தது. அந்த நேரத்தில்தான் வேளாண்மைக் கல்லூரியில் ஆராய்ச்சி படிக்கும் ஒரு அக்கா தோட்டம் தோட்டமாகப் பார்த்துக்கொண்டு எங்களிடமும் வந்தார். அவர் ஒரு இலையை வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. "பாரு, சத்துக் குறைன்னா நடுநரம்புக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மஞ்சள் இருக்கும். இது ஒரு பக்கம் திட்டு, அடுத்த பக்கம் பச்சை. எனக்கு இது சரியாப் படல" என்றார். கிரீனிங் என்று ஒரு நோய் இருக்கிறதாம். ஒரு கிருமியால் வருவது. மரத்தின் பட்டைக்குள் சாறு ஓடும் குழாயில் குடியிருக்குமாம். ஒரு குட்டிப் பூச்சி அதை மரத்துக்கு மரம் கொண்டுபோகுமாம்.

"அந்தக் கிருமிய எடுத்து வளத்துப் பாக்க முடியாதா?" என்று கேட்டேன். பயாலஜி மிஸ் அப்படித்தான் சொல்லித்தந்திருந்தார்கள், தட்டில் வளர்த்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள் என்று. "அங்கனதான் சிக்கலே. இது தட்டுல வளராது. எவ்வளவோ பேர் வளத்துப் பாத்தாச்சு, சரியா வசப்படல. அதனால அதோட பேருக்கு முன்னாடி இன்னும் ஒரு வார்த்தைய வச்சிருக்காங்க. முழுசா உறுதியாகல, வேட்பாளர் அப்படின்னு அர்த்தம்" என்று சிரித்தார். அப்பா உடனே, "ஓட்டு கேட்டு வராம இருந்தாச் சரி" என்றார். எல்லோரும் சிரித்தோம். அப்பா கடைசியாக அப்படிப் பேசியது அன்றைக்குத்தான்.

பிறகு எப்படித்தான் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். இலையின் நடுநரம்பைப் பொடியாக நறுக்கி அரைத்து அதிலிருந்து டி.என்.ஏ-வைப் பிரிப்பார்கள். அதில் மரத்தின் டி.என்.ஏ-தான் நிறைய இருக்கும். கிருமியுடையது இருந்தால் அதற்குள் கொஞ்சூண்டு. அந்தக் கிருமியிடம் மட்டும் இருக்கிற ஒரு துண்டைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்கிற மாதிரி சின்னத் துணுக்குகளைப் போட்டு, பி.சி.ஆர் இயந்திரத்தில் சூடாக்கிக் குளிரவைத்துச் சூடாக்கினால் அந்தத் துண்டு மட்டும் பெருகிக்கொண்டே போகும். கிருமி இருந்தால் கோடு தெரியும். இல்லாவிட்டால் தெரியாது. கோடு தெரிந்தபின் அந்தத் துண்டின் எழுத்து வரிசையைப் படித்து, ஏற்கெனவே தெரிந்த கிருமிகளின் வரிசைகளோடு ஒப்பிட்டு, இது எந்தக் குடும்பம், யாருக்குச் சொந்தம் என்று வகைப்படுத்துவார்கள். கண்ணால் பார்க்காத ஒன்றின் பெயரையும் சொந்தக்காரர்களையும் சொல்லிவிட முடியும் என்பது என்னை மயிர்க்கூச்செறிய வைத்தது. அந்த நிமிஷம்தான் இதைத்தான் படிக்க வேண்டும் என்று நினைத்தேன். அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதையும் எழுதுகிறேன்.

அவருக்கு அன்று வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்தது. நோய் அடித்த கிளையிலிருந்து காம்போடு இலைகளை எடுத்து, ஈரத் தாளில் சுற்றி, காகிதக் கவரில் போட்டுத் தென்காசி பஸ் ஸ்டாண்டில் தரச் சொன்னார். மறுநாள் காலையில் அப்பாவும் நானும் பறித்தோம். மஞ்சள் திட்டு இலைகளாகவே பறித்தோம். அப்பா அவற்றைச் சாக்கில் கொட்டி முன்னால் உட்கார்ந்தார். அப்புறம் நடந்ததை எங்கள் ஊர்க்காரர்களால் மட்டும்தான் புரிந்துகொள்ள முடியும். மார்க்கெட்டுக்குக் காய் போகும்போது சொத்தை, வடு, மஞ்சள் எல்லாவற்றையும் பொறுக்கித் தள்ளிவிட்டு, மூட்டையின் வாயருகே கண்ணைப் பறிக்கிற மாதிரி காயாக அடுக்குவார்கள். அப்பா சின்ன வயதிலிருந்து செய்கிற வேலை அது. அவருடைய கை அதுபாட்டுக்கு இலைகளைப் பொறுக்கத் தொடங்கியது. மஞ்சளாக இருந்ததெல்லாம் ஒரு பக்கம் போயிற்று. சுமாராக இருந்தது நடுவில் நின்றது.

"அப்பா, மஞ்சளத்தான கேட்டாவ?"

அப்பா கையை நிறுத்தினார். தள்ளிய இலைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் சொல்லாமல் இருந்திருந்தால் அது வெறும் கைப்பழக்கமாகப் போயிருக்கும். நான் சொன்னபிறகு அவர் தெரிந்தேதான் எழுந்தார். "ஏட்டி, நம்ம தோட்டத்துல இருந்து வெளிய போறது நல்லதாத்தான் போகணும். சவம், கெட்டதக் கவர்ல போட்டு எவனாவது ஊருக்கு அனுப்புவானா?" என்று சொல்லிக்கொண்டே கிணற்றுப் பக்கம் போய், நல்ல மரத்தில் பளபளவென்று இருந்த இலைகளைப் பறித்துவந்து கவரில் போட்டார். அந்தக் கவரைத் தென்காசி வரை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனது நான்தான். அந்த அக்கா பிரித்துப் பார்த்துவிட்டு, "பச்சையா இருக்கே அண்ணாச்சி, நோய் மரத்துலதானே எடுத்தீங்க?" என்று கேட்டார். "ஆமாம்மா, இப்பத்தான் ஆரம்பம்லா" என்றார் அப்பா. வெளியே தெரியாமலும் நோய் உள்ளே இருக்கலாம், பார்க்கிறேன் என்று சொல்லி அந்த அக்கா வாங்கிக்கொண்டார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

முடிவு அப்பாவின் போனுக்கு அந்த ஆராய்ச்சி அக்காவின் குரல் செய்தியாக வந்தது. கிருமி இல்லை என்று முதலில் சொன்னார். இந்த இலைகளில் இல்லை என்றுதான் சொல்ல முடியும், மஞ்சள் குறையாவிட்டால் வேறு கிளைகளில் எடுத்து இன்னொரு தடவை பார்க்க வேண்டும், அதுவரை அந்த மரங்களிலிருந்து கன்று எடுக்காதீர்கள் என்று அடுத்துச் சொன்னார். அப்பா முதல் பாதியை மட்டும் மார்க்கெட்டில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். டி.என்.ஏ பார்த்தாச்சு, நம்ம தோட்டம் சுத்தம் என்றார். கேட்டவர்கள் கன்று கேட்டு வந்தார்கள். இயந்திரம் பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொன்னது. இதை உனக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. பொய்யான ஒன்றைச் சொல்ல வேண்டிய தேவையே அப்பாவுக்கு அதற்குப்பிறகு வரவில்லை. உண்மையான ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னால் போதும் என்று ஆகிவிட்டது.

அத்தானும் அதைக் கேட்டார். அத்தான் கோயம்புத்தூரில் மில் வேலையை விட்டுவிட்டு வந்தவர். அவருடைய அப்பா தரிசாகப் போட்டிருந்த நிலத்தில் எலுமிச்சை போட வேண்டும் என்று கிணறு தூர்வாரி, வேலி கட்டி, குழி தோண்டி வைத்திருக்கிறார். உள்ளங்கையெல்லாம் காய்ப்பு. "மாமா கன்னுன்னா கண்ண மூடிக்கிட்டு வைக்கலாம்" என்று ஊரெல்லாம் சொல்கிறார். கன்று வைத்தால் காய்ப்புக்கு வரச் சில வருஷமாகும். அப்புறம்தான் மஞ்சள் தெரியும். அதுவரை அவர் தண்ணீர் பாய்ச்சி, உரம் போட்டு, நிழல் கட்டி அந்த நோயை வளர்த்துக்கொண்டிருப்பார். பூச்சி அதைப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் கொண்டுபோகும். அக்காவுக்கு இது ஐந்தாவது மாதம். உனக்குப் பெரியம்மா பிள்ளையாக வரப்போகிற அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் வயதில் அந்த வீட்டில் என்ன நடக்குமோ.

அக்காவிடம் சொல்லப் பார்த்தேன். சாரல் தொடங்கியதும் எல்லோருமாக ஐந்தருவிக்குப் போயிருந்தோம். அக்கா தலையை நனைக்காமல் ஓரமாக நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஆசை தாங்காமல் பெண்கள் பக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் தெறிக்கும் இடம்வரை வந்தாள். அவள் காதருகே போய், "அந்தக் கன்னு வேண்டாம்க்கா, நோய்க் கன்னு" என்று சொன்னேன். கத்தித்தான் சொன்னேன். ஆனால் அந்த இரைச்சலில் அவளுக்குக் கேட்காது என்று எனக்குத் தெரியும். "என்னட்டி? பொறவு சொல்லு!" என்று சிரித்துக்கொண்டே என் முகத்தில் தண்ணீரை அடித்தாள். பிறகு சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். சொல்லிவிட்டேன் என்று நானே என்னை ஏமாற்றிக்கொண்டு வந்தேன். உனக்குப் புத்தி சொல்கிற வயது எனக்கு இல்லை. ஆனாலும் ஒன்றே ஒன்று சொல்கிறேன்: சொல்ல வேண்டியதை அருவிக்குப் பக்கத்தில் நின்று சொல்லாதே.

ஏன் நேராகச் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். ஒருநாள் சமையலறையில் அம்மா கேட்டாள், மேற்கு வரிசை இன்னும் மஞ்சளாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் அதிலிருந்து கன்று எடுக்கிறீர்கள் என்று. அப்பா சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "இந்தத் தோட்டத்துக்குக் கெட்ட பேரு வந்துச்சுன்னா, அதுக்குப் பொறவு என்ன நீங்க தேட வேண்டாம்." அம்மாவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. "வாய மூடுங்க. பிள்ள இருக்கா" என்றாள். அன்று சாயந்தரம் மோட்டார் அறையில் இருந்த பூச்சிமருந்து டப்பாக்களையெல்லாம் அம்மா சாக்கில் கட்டிப் பக்கத்துத் தோட்டத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அப்பா வீடு திரும்பக் கொஞ்சம் நேரமானாலும் நானும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது புரிகிறதா? நான் சொன்னால் அப்பா. சொல்லாவிட்டால் அக்கா. யாரை விட்டுக்கொடுப்பது என்று யாரிடம் போய்க் கேட்பது? பரீட்சைக்குப் படிப்பதுபோல் புத்தகத்தை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். சாமி கும்பிட்டேன். காய்ச்சல் வரக்கூடாதா என்று நினைத்தேன். வண்டி பஞ்சராக வேண்டும், குற்றாலம் பாதையில் மரம் விழ வேண்டும் என்றெல்லாம் வேண்டிக்கொண்டேன். இதற்குமேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இன்று சாயந்தரம் வண்டி வந்தது. கன்றுகளை ஏற்றி, வண்டியை இங்கேயே நிறுத்திவிட்டு விடிந்ததும் கிளம்புவதாகப் பேச்சு. முதலில் அப்பா ஏற்றவே விடவில்லை. "நாளைக்குப் பாட்டிமை திதிலா? நல்ல காரியத்துக்கு ஆகாது, இன்னொரு நாள் போகட்டும்" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்களுக்கு என்னைக்குமில்லாம இன்னைக்கு என்ன காலண்டரு? நம்ம கல்யாணத்துக்கே ராகுகாலம் பாக்காதவிய" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, மண் ஈரம் போதாது, நல்ல சாரல் இன்னும் விழவில்லை என்றார். டிரைவர், "அண்ணாச்சி, குற்றாலத்துல குடை இல்லாம நிக்க முடியல, நீங்க ஈரம் இல்லேங்கியள" என்றார். பிறகு பைகள் சின்னது, மாற்றிக் கட்ட வேண்டும் என்றார். கடைசியில் அத்தானே போன் செய்து, ஆட்களை வரச்சொல்லியாயிற்று மாமா என்றதும் சரி சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். கன்றுகளை அம்மாவும் டிரைவரும் நானும்தான் ஏற்றினோம். எப்போதும் கன்றைக் கைக்குழந்தைபோல் வாங்கிக்கொடுக்கிற அப்பா, இன்று ஒன்றைக்கூடத் தொடவில்லை. கிணற்று மேட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இதை உனக்கு எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது. காலண்டர், மழை, பை, எல்லாமே. நான் பஞ்சராக வேண்டும் என்று வேண்டிக்கொண்டதைத்தான் அவரும் அவர் பாஷையில் வேண்டிக்கொண்டிருக்கிறார். யாராவது தன்னை நிறுத்த மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரால் தானாக நிற்க முடியவில்லை. இத்தனை நாளாக அப்பாவுக்குத் தெரியாமல் யாரிடம் சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தேன். அப்பாவிடமே சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. வெளியே வண்டிப் பக்கம் அவர் இருமுவது கேட்கிறது. அம்மாவை எழுப்பிக்கொண்டு போகிறேன். தனியாகப் போக எனக்குத் தைரியம் இல்லை. இரு, வருகிறேன்.

வண்டிப் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன், நோட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தேன். வெளுக்கத் தொடங்கிவிட்டது.

அப்பா வண்டிப் படியில் உட்கார்ந்திருந்தார். அம்மா ஒரு பக்கம் உட்கார்ந்தாள், நான் மறுபக்கம். "அப்பா, கிணத்துப் பக்கத்து இலையத்தான அனுப்பினோம்" என்றேன். வேறு எதுவும் யோசித்து வைத்திருக்கவில்லை. அவர் அடிப்பார் என்று நினைத்தேன். எழுந்து போய்விடுவாரோ என்று அதைவிடப் பயந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அப்புறம், "நீ மறந்திருப்பன்னு நெனச்சேன்" என்றார். "உங்க அத்தானுக்கு நீயே போன் போடுட்டி. எனக்கு வாய் வராது" என்றார். அம்மா அழுதுகொண்டே, "எந்தப் பேரு போனாலும் போட்டும். நீங்க இருந்தாப் போதும்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஸ்பீக்கரில் போட்டேன். அத்தான் தூக்கக் கலக்கத்தில், "என்னட்டி, வண்டி கிளம்பிட்டா?" என்றார். சொன்னேன். மஞ்சள் இலை, பச்சை இலை, கவர், எல்லாம் முன்னும் பின்னுமாகச் சொன்னேன். "இத்தன நாளா..." என்று அத்தான் ஆரம்பித்து நிறுத்திவிட்டார். அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுகிற சத்தம் கேட்டது. இனி அவர் எங்கள் வீட்டு வாசலை மிதிப்பாரா, அக்காவை என்ன சொல்வாரோ, எனக்குத் தெரியாது. மற்றவர்கள் வாங்கிப்போன கன்றுகளுக்கு யார் பதில் சொல்வது என்பதும் தெரியாது. ஆராய்ச்சி அக்காவைக் கூப்பிட்டு எந்த இலைகளை அனுப்பினோம் என்று சொல்லி, மேற்கு வரிசையில் திரும்ப எடுக்க வேண்டும். கோடு தெரிந்தால் மரங்களை வெட்ட வேண்டியிருக்கும். அப்பா அதைத் தாங்குவாரா என்று கேட்காதே.

பிறகு போனை அக்கா வாங்கினாள். கன்றைப் பற்றிக் கேட்பாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"ஏட்டி, அப்பா எங்க இருக்காவ?"

"இங்கனதான். என் பக்கத்துல."

"நான் வாரவரைக்கும் அவிய கைய விட்டுராத."

விடவில்லை. குட்டியானை ஏற்றிய கன்றுகளோடு அப்படியே நிற்கிறது. அப்பா சாய்ந்தபடி கண்ணை மூடியிருக்கிறார். தூங்குகிறாரா என்று தெரியவில்லை. அவர் கை என் இடது கையில் இருக்கிறது, நோட்டு என் முழங்காலில். கடைசிப் பக்கத்தில் எழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் இதுதான். மன்னித்துக்கொள்.